வராதவர்: யாருமில்லை

முப்பத்திரண்டு வருடம் பாரிஸ் புறநகர் லிசே ஒன்றில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் சிரித்துவிட்டுத் தட்டில் இருப்பதைச் சாப்பிடுகிற ஆள். என் மனைவி வழியில் ஒரு மாமா, கதவு தானாகத் திறந்தது என்று நடுங்கிக்கொண்டு சொன்னபோது, கீலுக்கு எண்ணெய் போடுங்கள் என்று சொன்னவன். ஆகையால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இதில் ஒரு பாதி நான் என் கையால் செய்தது. அந்தப் பாதியையாவது நம்புங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள், கத்தோலிக்கர்கள். அப்பாவுக்குத் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. பாரிசில் லா ஷப்பெல் பகுதியில், ரூ காய் என்ற தெருவுக்கு அடுத்த தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருந்தோம். எனக்குப் பதினாறு வயதானபோது லிசேயில் ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டம் வந்தது, ஒரு வருடம் வெளிநாட்டில் படிக்கலாம். எல்லோரும் அமெரிக்காவைக் கேட்டார்கள், ஜப்பானுக்கு ஆள் இல்லை. நான் கையைத் தூக்கினேன். அம்மா ஒரு வாரம் அழுதுவிட்டு எனக்குக் கம்பளிக் காலுறை பின்னினாள்.

அது ஜப்பானின் கடலோரத்தில் ஒரு பனி நகரம். முதல் நாள் பள்ளி வாசலில் மர அலமாரிகள் வரிசையாக நின்றன. வெளியில் போடும் சப்பாத்தைக் கழற்றி அதில் வைத்துவிட்டு, உள்ளே போடுவதற்கென்றே இருக்கும் வெள்ளைக் கான்வஸ் சப்பாத்தை மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகவேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வாசலில் கழற்றுவது நமக்குப் பழக்கம்தானே, நான் பாட்டுக்குக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு அப்படிச் சந்தோஷமாகச் சிரித்தான். வெளிநாட்டுக்காரன் சப்பாத்தோடு உள்ளே ஏறிவிடுவான் என்று அவர்களை எச்சரித்து வைத்திருந்தார்களாம். சிரித்தவன் ஓடிப்போய் எங்கேயோ ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்து இரவல் வாங்கிவந்து, குனிந்து, என் காலடியில் வைத்தான். அவன் பெயர் மினோரு.

இலையுதிர்காலம் வரை எனக்கு அங்கே இருந்த ஒரே நண்பன் அவன்தான். எனக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தான், நான் தப்பாகச் சொன்னால் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பான். அவனும் நானும் சேர்ந்து நின்ற ஒரு படத்தை வீட்டுக்கு அனுப்பினேன், அம்மா அதை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்ததாக எழுதினாள்.

நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விளையாட்டுச் சாமான் அறையில் யார் புகை பிடிக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் மூன்று பெயர்களையும் சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது மினோரு கூட்டுமாறோடு தாழ்வாரத்தில் நின்றான், என்னைப் பார்த்தான். மூன்று பேரையும் இரண்டு வாரம் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். திரும்பி வந்தவர்கள், காட்டிக்கொடுத்தவன் மினோருதான் என்று முடிவு செய்தார்கள், அவன்தானே ஆசிரியர் அறைக்கு வெளியே நின்றிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர்கள் அவனை அடிக்கவில்லை. வகுப்பில் அப்படி ஒருவன் இல்லை என்று தீர்மானித்தார்கள், அவ்வளவுதான். நாற்பது பேர் வகுப்பு. அவன் பேசினால் யாருக்கும் கேட்காது. நடந்து வந்தால் யாரும் விலக மாட்டார்கள், மோதிவிட்டுத் தூணில் மோதியதுபோலத் தோளைத் துடைத்துக்கொண்டு போவார்கள். முதல் நாள் நான் தெரியாமல் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன், உடனே வகுப்புத் தலைவன் என்னிடம் வந்து மிகவும் மரியாதையாக, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டான். எனக்குப் புரிந்தது. மறுநாள் காலை அலமாரிக்குப் பக்கத்தில் நின்று மினோரு "ஒஹாயோ" என்றான், காலை வணக்கம். நான் அவன் காதுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி நின்றேன். அவன் தினமும் சொன்னான். இரண்டு மாதம், விடாமல், என்னிடம் மட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு நாளும் இருக்கை வரிசைப்படி ஒருவனுக்கு முறை வரும். கரும்பலகையைத் துடைக்கவேண்டும், வகுப்பைச் சூடாக்கும் அடுப்புக்கு மண்ணெண்ணெய் கொண்டுவரவேண்டும், எல்லோரும் போனபிறகு உட்கார்ந்து வகுப்பின் நாளேட்டை எழுதவேண்டும். இந்த வேலைகளோடு மினோருவுக்கு அன்றைக்குச் செய்யவேண்டியதும் முறைக்காரன் பொறுப்பாகிவிட்டது. ஒருவன் அவன் மதியச் சாப்பாட்டில் சுண்ணாம்புத் தூள் போட்டான். ஒருவன் அவன் நாற்காலியை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தான், அவன் அன்று முழுக்க நின்றுகொண்டே பாடம் கேட்டான், ஆசிரியரும் பார்க்கவில்லை. ஜனவரி கடைசியில் என் முறை வந்தது.

மதிய இடைவேளையில் ஒரு வாளித் தண்ணீர் எடுத்துப்போய் அவன் வெளியில் போடும் சப்பாத்துகள் இரண்டிலும் விளிம்புவரை ஊற்றினேன். நான்தான் ஊற்றினேன், யாரும் என் கையைப் பிடித்து ஊற்றவைக்கவில்லை. ஊற்றும்போது சிரிப்புகூட வந்தது. அந்த வாசல் கதவுகள் எப்போதும் திறந்தே கிடக்கும். மூன்றரை மணிக்குள் தண்ணீரின்மேல் பனித்தோல் படிந்துவிட்டது.

எல்லோரும் போனபிறகு நான் தனியாக உட்கார்ந்து நாளேடு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று கட்டங்கள். வானிலை: கடும் பனி. வராதவர்: யாருமில்லை. விசேஷம்: ஒன்றுமில்லை. அப்போது மினோரு மேலே ஏறி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். ஏதோ சொன்னான், சின்ன வாக்கியம்தான். நான் எழுதிய எழுத்தின்மேலேயே மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னது என் காதில் விழவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் வீடு நாற்பது நிமிட நடை. அந்த வெள்ளைக் கான்வஸ் சப்பாத்தோடேயே பனிக்குள் போயிருக்கிறான். மூன்றாம் நாள் பனி வாரும் வண்டிக்காரர் வயலோரத்தில் அவன் உடலைக் கண்டெடுத்தார். அதற்குள் அலமாரியில் இருந்த சப்பாத்துகள் உலர்ந்துவிட்டன. ஊற்றியவனே உலர்த்தவேண்டும் என்று வகுப்புப் பையன்கள் சொன்னார்கள், அடுப்புக்கு மேலே பிடித்து உலர்த்தினேன். நல்ல சப்பாத்தை விட்டுவிட்டு ஏன் இப்படிப் போனான், அவனைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று போலீஸ்காரர் வகுப்பில் கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்றோம். நாற்பதில் ஒருவன் குறைந்ததால் முறை ஒருநாள் முன்னதாக வரும் என்பதுதான் அந்த வாரம் வகுப்பில் பேச்சு.

மார்ச் கடைசியில் பாரிசுக்குத் திரும்பினேன். மினோரு இறந்ததை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் எப்படி என்று கேட்பார்களே.

இனிமேல்தான் நீங்கள் நம்பாத பாதி. ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், பூசை முடிந்து வந்ததும் அம்மா என்னைக் கறிவேப்பிலை வாங்கிவர அனுப்பினாள். அன்று ரூ காயில் இப்போது போல வரிசையாகக் கடைகள் கிடையாது, யாழ்ப்பாணத்து ராசன் அண்ணை வைத்திருந்த ஒரு சின்னக் கடைதான். கறிவேப்பிலையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே அவர் வாசலைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பெடியனை ஏன் வெளியாலை விட்டிட்டு வாறீர்? குளிரெல்லோ. உள்ளுக்கு வரச் சொல்லும்."

எந்தப் பையன் என்று கேட்டேன்.

"உம்மோடை வந்த சீனப் பெடியன்தான். கழுத்துமட்டும் தெறி போட்ட கறுத்தக் கோட்டு. வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து, தண்ணி ஊறிப்போய்க் கிடக்கு, பாரும்."

திரும்பிப் பார்த்தேன். நடைபாதையில் ஒரு கிழவி நாயோடு போனாள், மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போனது. வேறு யாரும் இல்லை. ராசன் அண்ணை விளையாடுகிற ஆள் இல்லை. கழுத்துவரை பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு எங்கள் ஜப்பான் பள்ளிச் சீருடை, தவிர அந்தச் சப்பாத்தைப் பற்றிப் பாரிசில் யாருக்குத் தெரியும்? நான் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு ஓடவில்லை, நடந்தேன், ஓடினால் நம்பிவிட்டேன் என்று ஆகிவிடும். ஐந்து மாடியும் ஏறி, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கதவை மூட வந்த அம்மா மூடவில்லை.

"ஏன்டா, அந்தப் புள்ளைய வாசல்லயே நிக்கவெச்சிட்டு நீ பாட்டுக்கு வர்ற? மினோருதான இது? போட்டோவுல பாத்த அதே மூஞ்சி. வா தம்பி, உள்ள வா."

அம்மா காற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அப்பா எழுந்து கையை நீட்டினார், யாரோ அதைப் பிடித்ததுபோல இரண்டு தடவை குலுக்கினார், கை என்ன இப்படிச் சில்லிட்டிருக்கிறது என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். பத்து வயதுத் தங்கை மர்த்தீன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டாள். எனக்கு நேர் எதிரே காலி நாற்காலி, அதன் முன்னால் தட்டு. அம்மா சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றினாள், காரமாக இருக்கும் என்று சைகை காட்டினாள், இவ்வளவு தூரம் உன்னைப் பார்க்க வந்திருக்கிறானே, முன்னாலேயே சொல்லக்கூடாதா என்று என்னைக் கடிந்துகொண்டாள். மூன்று பேரும் அந்த நாற்காலியைப் பார்த்துப் பேசினார்கள், சிரித்தார்கள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தில் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வந்த விருந்தாளியின் முகத்தைப் பார்க்காமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் சாப்பிடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்கு வந்தவன் மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கிற. உன்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் அந்தப் புள்ள. இதத்தான் ஒரு வருஷம் அங்க போயி படிச்சிட்டு வந்தியா?"

ஆமாம், அதைத்தான் படித்துவிட்டு வந்திருந்தேன். அப்போது மர்த்தீன், அவன் உன்னிடம் ஏதோ சொல்கிறான் என்று பிரெஞ்சில் சொன்னாள். என்ன சொல்கிறான் என்று கேட்டேன். அவள் அந்த நாற்காலியின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கிளிப்பிள்ளை மாதிரி அப்படியே சொன்னாள்.

"குத்சு, காஷிதே."

மர்த்தீனுக்கு ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குத் தெரியும். "சப்பாத்து இரவல் தாயேன்." நான் நாளேடு எழுதிக்கொண்டிருந்தபோது மேசைக்குப் பக்கத்தில் நின்று அவன் கேட்டது அதுதான். அலமாரியில் என்னிடம் இரண்டு ஜோடி இருந்தன, பாரிசிலிருந்து போட்டுப்போன தோல் சப்பாத்து ஒன்று, பனிக்காலணி ஒன்று. அவனுக்கு அது தெரியும். எனக்கு அன்றைக்கே காதில் விழுந்தது, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அம்மா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அந்த நேரத்தில் நான் ஒன்று செய்திருக்கலாம். என் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த நாற்காலியைப் பார்த்து, எடுத்துக்கொள் மினோரு, வாசலில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இல்லாவிட்டால் அம்மாவிடமாவது எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மேசையில் என்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"அங்க யாரும் இல்ல. எனக்கு அப்படி யாரையும் தெரியாது."

அப்பா என் கன்னத்தில் அறைந்தார். வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அம்மா அந்த நாற்காலியின் பக்கம் குனிந்து ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள், பிறகு மெதுவாக நிமிர்ந்து, அவன் எழுந்து போகிறான் பார் என்றாள். வாசல் வரை பின்னாலேயே போனாள். படியில் இறங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டதாம், எனக்குக் கேட்கவில்லை. போனவள் திரும்பி என்னைக் கூப்பிட்டாள்.

வாசலில் எல்லோருடைய சப்பாத்துகளும் கழற்றிப்போட்டபடியே கிடந்தன. என்னுடைய ஜோடி மட்டும் நேராக அடுக்கி, முனை படிக்கட்டைப் பார்க்கும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் விளிம்புவரை தண்ணீர். வெயில் அடிக்கிற ஏப்ரல் மாத மதியத்தில் அதன்மேல் மெல்லிய பனித்தோல். நான் விரலால் தொட்டேன், உடைந்தது. நான் இயற்பியல் படித்தது அதற்குப் பிறகுதான், எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் படிக்கட்டில் அந்த வெப்பநிலையில் தண்ணீர் உறையாது.

அந்த விளையாட்டு யார் செய்தது என்று அம்மா கேட்கவேயில்லை. ஆனால் சாகும்வரை, அந்தப் பிள்ளை கடுதாசி போட்டானா, நீயாவது மன்னிப்புக் கேட்டு எழுதினாயா என்று மாதத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதிவிட்டேன் என்று சொல்லி வந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லுக்குக் குடிபோனேன். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் ரயிலேறி வந்து லா ஷப்பெல் பக்கம் கால் வைத்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள், வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ. இருபத்தைந்து வயதில் ஒரு முடிவெட்டுகிறவர், உங்கள் தம்பி உட்காரட்டுமே என்றார். நாற்பதைத் தாண்டியபோது ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு புடவைக் கடைக்காரி, மகனுக்கு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுக்கக்கூடாதா என்று உரிமையோடு திட்டினாள். நான் இதுவரை அவனைப் பார்த்ததில்லை. பார்க்காமலிருக்கப் பழகியவனுக்கு அதற்குப்பிறகு பார்க்க வாய்க்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் தண்ணீர் ஊற்றியதை மட்டும் ஒரு குருவிடம் சொன்னேன். சிறுவயதுத் தவறு என்று மன்னித்து, ஜெபமாலை சொல்லச் சொன்னார். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு ஒவ்வொரு ஞாயிறும் லா ஷப்பெல்லுக்குப் போகிறேன். ஒரு பையில் புதுச் சப்பாத்து ஒரு ஜோடி கொண்டுபோகிறேன், உள்ளே கம்பளி வைத்தது, பதினாறு வயதுப் பையனுக்குரிய அளவு. ரூ காயில் நடந்துகொண்டே வாய்க்குள் "ஒஹாயோ, மினோரு" என்று சொல்லிப் பார்ப்பேன். எதிரே வருகிறவர்கள் தொலைபேசியில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன குளிர்காலத்தில் ராசன் அண்ணையின் கடை இருந்த அதே இடத்தில், இப்போது வேறு ஆட்கள் நடத்துகிறார்கள், கல்லாவில் இருந்த பெண் பிள்ளை வாசலைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கட பேரனோ? ஏன் வெளியாலை விட்டிட்டு வாறீங்கள்?" என்றாள். இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்துப் பயனில்லை. பையிலிருந்த சப்பாத்துகளை எடுத்தேன். நான் அவனோடு பேசப்போகிறேன், அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் எனக்குச் சொல் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டேன். கிழவனுக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்திருப்பாள், ஓம் ஐயா என்றாள்.

வாசலுக்குப் போனேன். எனக்கு முழங்கால் சரியில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சப்பாத்துகளை அவன் எனக்கு வைத்ததுபோலவே நேராக அடுக்கி வைத்தேன். அவனுடைய மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியரிடம் சொன்னது நான், தண்ணீர் ஊற்றியது நான், நீ கேட்டது எனக்குக் கேட்டது, எடுத்துப் போட்டுக்கொள். ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு நிமிர்ந்து அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.

அவள் என்னையும் எனக்குப் பக்கத்திலும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பக்கத்திலைதான் நிக்கிறார் ஐயா. ஆனா உங்களைப் பார்க்கேல்லை. உங்கட காதுக்குப் பின்னாலை சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். நீங்கள் இஞ்சை இல்லாத மாதிரி."

அந்த நிற்பு எப்படியிருக்கும் என்று அவள் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு மாதம், தினமும் காலையில், நான் அப்படித்தான் நின்றேன்.